செம்மறி ஆட்டு முட்டைகள்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

கேள்வி (முதுகலை மாணவி):
வணக்கம். கால்நடை மருத்துவத்தில் முதுகலை படிக்கிறேன். ஆட்டுத்தொட்டியிலிருந்து (ஆடு அறுக்கும் இடம்) செம்மறி ஓவரிகளை (சினைப்பைகளை) கொண்டுவந்து, முட்டைகளைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் முதிர வைப்பது என் ஆய்வு. பிளேடால் கீறினால் முட்டை நிறையவே கிடைக்கிறது. சிக்கல் அப்புறம்தான். நான் ‘ஏ’ தரம் என்று ஒதுக்கும் முட்டையைத் தோழி ‘பி’ என்கிறார். கருமையாகத் தெரிபவற்றை எடுக்கலாமா? சாயம் போட்டுப் பிரித்தால் குழப்பம் தீருமா?

பதில் (லேப் வாசி):
பிரில்லியன்ட் கிரெசில் புளூ என்ற சாயம் போடுங்கள். 26 மைக்ரோமோலார் செறிவு, 90 நிமிடம். நீலமாக நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள், நிறம் போனதை விடுங்கள். எங்கள் லேபில் அப்படித்தான் செய்கிறோம்.

பதில் (கருவியல் அக்கா):
சாயம் நல்லதுதான்மா, ஆனால் அதை மட்டும் நம்பாதே. வளர்ந்துகொண்டிருக்கும் முட்டையில் ஜி6பிடி என்ற நொதி சுறுசுறுப்பாக இருக்கும், சாயத்தின் நிறத்தைப் போக்கிவிடும். வளர்ச்சி முடிந்த முட்டையில் அது அடங்கியிருப்பதால் நீலம் தங்கும். செத்த முட்டையிலும் நொதி வேலை செய்யாது, அதுவும் நீலமாக நிற்கலாம். அதனால் முதலில் கண்ணால் பிரி, மிச்சத்துக்குச் சாயம் போடு.

‘ஏ’யா ‘பி’யா என்று இருவரும் மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டுமே மீடியத்துக்கு (முட்டையை முதிர வைக்கும் ஊட்டக் கரைசலுக்கு) போகப்போகிறவை. கறாராக இருக்க வேண்டியது ‘பி’க்கும் ‘சி’க்கும் நடுவில். முட்டையைச் சுற்றிய க்யூமுலஸ் செல்கள் பல அடுக்காக, இறுக்கமாக ஒட்டியிருந்தால் ‘ஏ’. அடுக்கு குறைந்து, ஆனாலும் முட்டையை முழுசாகச் சூழ்ந்திருந்தால் ‘பி’. ஒரு பக்கம் மொட்டையாகத் தெரிந்தாலே ‘சி’தான், நான் எடுக்க மாட்டேன். மீடியத்தில் சேர்க்கும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோன் க்யூமுலஸ் வழியாகத்தான் வேலை செய்கிறது. முட்டைக்கு ஊட்டம் போவதும் அந்தச் செல்கள் வழியாகத்தான். அது போய்விட்டால் எவ்வளவு நல்ல மீடியம் இருந்தும் பயனில்லை.

கருமையைப் பற்றிக் கேட்டாய். செம்மறி முட்டையில் கொழுப்புத்துளிகள் உண்டு, கொஞ்சம் கருமையாகத்தான் தெரியும். பிப்பெட்டால் மெல்ல உருட்டிப் பார். எந்தப் பக்கம் திருப்பினாலும் சீராக, பொடிமணலாக இருந்தால் சரி. திட்டுத்திட்டாக இருந்தாலோ, உள்ளே சுருங்கி ஓரம் வெளிறியிருந்தாலோ விட்டுவிடு. எடுக்கும்போதே க்யூமுலஸ் சிலந்திவலை போலப் பிரிந்து கருத்த துணுக்குகளோடு இருந்தாலும் வேண்டாம், அழிந்துகொண்டிருந்த ஃபாலிக்கிளில் (ஓவரியில் முட்டை வளரும் சிறு பையில்) இருந்து வந்ததாக இருக்கும்.

மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் நடப்பதையும் கவனி. தொட்டியில் வெள்ளாடும் செம்மறியும் கலந்து வரும். அறுத்துப் போட்ட பிறகு ஓவரியை வைத்து இனம் சொல்வது கஷ்டம், அதனால் அங்கேயே நின்று பிரித்து வாங்கு. பல்லைப் பார்த்து வயதையும் குறித்துக்கொள். பருவத்துக்கு வராத குட்டியின் ஓவரியில் ஃபாலிக்கிள் அள்ளக் கிடைக்கும், அதைப் பார்த்து மயங்காதே. அந்த முட்டைகள் முதிர்ந்தாலும் கருவாக வளர்வது குறைவு. ஆன்டிபயாட்டிக் கலந்த உப்புநீரில், வெதுவெதுப்பு மாறாமல் ஃபிளாஸ்க்கில் வைத்துச் சீக்கிரம் வந்துவிடு. 2 மில்லிமீட்டருக்குக் குறைந்த ஃபாலிக்கிள்களை நான் தொடுவதில்லை. பிளேடால் கீறும்போது அவையும் சேர்ந்து வந்துவிடும். உனக்கு எண்ணிக்கை கூடுவதும் தரம் கலங்குவதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். ஊசியால் உறிஞ்சிப் பார், குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை.

மாணவி:
ரொம்ப நன்றி அக்கா. 24 மணி நேரம் கழித்து க்யூமுலஸ் நன்றாக விரிந்திருந்தால், முட்டை முதிர்ந்தது என்று எழுதிவிடலாமா?

கருவியல் அக்கா:
கூடாதுமா. விரிந்தது க்யூமுலஸ், முட்டை இல்லை. ஹையலூரோனிடேஸ் என்ற நொதி போட்டுச் செல்களை உதிர்த்துவிட்டு, முதல் போலார் பாடி (முதிரும்போது முட்டை வெளியே தள்ளும் சின்னச் செல்) வந்திருக்கிறதா என்று பார். அதைப் பார்த்த முட்டையை மட்டும் முதிர்ந்ததாக எழுது. கருவூட்டப் போகும் முட்டைகளில் இதைச் செய்யாதே, அவற்றுக்குக் க்யூமுலஸ் தேவைப்படும். சோதிக்க ஒரு பங்கைத் தனியாக எடுத்து வை.