சொல்யூஷன் உலரும் வரை

மிதிவண்டிப் பயணங்களின்போது வழியில் எதிர்ப்பட்ட மனிதர்களைப் பற்றிப் பலரும் எழுதி வருவதைப் படிக்கப் படிக்க, எனக்கும் சில முகங்கள் நினைவுக்கு வந்தன. நான் போட்டிகளில் கலந்துகொள்பவன் அல்லன். வேலைக்குப் புறப்படுவதற்கு முன் விடியற்காலையில் 30 கிலோமீட்டரும், விடுமுறை நாட்களில் அதைப் போல் இரண்டு மூன்று மடங்கும் மிதிவண்டி ஓட்டுகிற ஆர்வலன். ஏழு ஆண்டுகளாக இந்தப் பழக்கம் விடாமல் தொடர்கிறது. மிதிவண்டியைப் பற்றி இன்று எனக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் பிரிந்துவிட்ட மனிதர்கள் சாலையோரத்தில் நின்று சொல்லிக்கொடுத்தது.

அவர்களில் முதலாமவரைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓட்டத் தொடங்கிய முதல் ஆண்டில் ஒருநாள், வீட்டிலிருந்து வெகுதூரம் வந்த பிறகு பின்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. கையிலிருந்த மாற்று டியூபைப் போட்டுக் காற்றடித்துக் கிளம்பினேன். ஒரு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன், அதுவும் இறங்கியது. அதற்கு ஒட்டுப்போட்டு மாட்டினேன். இம்முறை வண்டியில் ஏறி உட்காருவதற்குள்ளேயே டயர் தொய்ந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, கையில் கடைசியாக ஒரே ஓர் ஒட்டுத்தான் மிச்சம். அப்போதுதான் பழைய இரும்பு மிதிவண்டியில் மெதுவாக வந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் இறங்கி, தம் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு என் அருகில் வந்து குந்தினார். சிறிது நேரம் நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், “டியூபையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே தம்பி, டயரைப் பார்த்தீர்களா?” என்று கேட்டார்.

டயரின் உட்புறத்தை இரண்டு முறை விரலால் தடவிவிட்டேன், ஒன்றும் தட்டுப்படவில்லை என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. டியூபைச் சற்றுப் பெரிதாக ஊதவைத்து, உதட்டருகே கொண்டுபோய் மெல்லச் சுழற்றினார். காதுக்குக் கேட்காத காற்று உதட்டுக்குத் தெரியும் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஓட்டை கிடைத்ததும் வால்விலிருந்து அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று சாண் கணக்கில் அளந்து, டயரின் மேல் அதே அளவில் இரு பக்கமும் வைத்துப் பார்த்தார். டியூபை எந்தப் பக்கமாகப் பொருத்தியிருந்தேன் என்பதை நான் கவனிக்காததால், சந்தேகத்துக்குரிய இடங்கள் இரண்டு இருந்தன. முதல் இடத்தில் ஒன்றுமில்லை. இரண்டாம் இடத்தில் டயரின் உட்புறம் வெளியே வரும்படி அழுத்தி வளைத்ததும், தலைமுடி அளவே கனமுள்ள ஓர் இரும்புக் கம்பித்துண்டு தலைநீட்டியது. லாரி டயர்கள் வெடித்துச் சிதறும்போது அவற்றின் உள்ளிருக்கும் இரும்புக் கம்பிகளும் சாலையில் உதிர்கின்றன. அப்படி உதிர்ந்த ஒன்று ரப்பருக்குள் புதைந்து, என் எடை ஏறும்போது மட்டும் டியூபைக் குத்தியிருக்கிறது. அவர் அதை நகத்தால் பிடித்து இழுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு நெல்மணியின் நீளம்கூட இல்லை.

பிறகு ஒட்டுப்போடும் வேலை. டியூபின் வழவழப்புப் போகும் வரை உரசி, சொல்யூஷன் என்னும் ஒட்டுப்பசையை மெல்லிய படலமாகத் தடவிவிட்டு, உடனே ஒட்டை எடுக்கப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஈரத்தோடு ஒட்டினால் விளிம்பு பெயர்ந்துவிடும். சொல்யூஷனில் உள்ள கரைப்பான் ஆவியாகிப் போன பிறகு ஒட்டை அழுத்தினால்தான் இரண்டும் ஒன்றாகப் பிணையும். அதுவரை நான் போட்ட ஒட்டுகள் ஏன் நிலைக்கவில்லை என்பது விளங்கியது. காத்திருந்த அந்த ஐந்து நிமிடங்களில் அவர் சொன்ன ஒரு யோசனையை இன்றுவரை கடைப்பிடிக்கிறேன்: டயரின் மேல் அச்சிட்டிருக்கும் நிறுவனப் பெயர் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டிவிட்டால், டியூபில் ஓட்டை விழுந்த இடத்தை வைத்து டயரில் குத்திய இடத்தை உடனே கண்டுபிடித்துவிடலாம். பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டைகள் அருகருகே இருந்தால் காற்றுக் குறைவால் டியூப் ரிம்மில் நசுங்கியிருக்கிறது என்றும், ஓட்டை ரிம் பக்கமாக இருந்தால் ரிம்மின் உட்பட்டை நகர்ந்து ஸ்போக் துளையோ முனையோ டியூபைப் பதம் பார்த்திருக்கிறது என்றும் சொன்னார்.

சாலையோரத்தில் டயரைக் கழற்ற முடிவதே ஒரு காலத்தில் பெரிய செய்தியாக இருந்திருக்கிறது. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குப் பொருத்திய காற்றடைத்த டயர் சவாரியைச் சுகமாக்கியது. ஆனால் அக்காலத்து டயர்கள் சக்கரத்தோடு சேர்த்து ஒட்டப்பட்டவை என்பதால் பஞ்சர் ஆனால் பெரும்பாடு. மிஷலின் சகோதரர்கள் செய்த, கழற்றி மாட்டக்கூடிய டயரோடுதான் பிரெஞ்சு மிதிவண்டி வீரர் சார்ல் டெரோன், பாரிஸிலிருந்து பிரெஸ்ட் நகருக்குப் போய்த் திரும்பும், 1891இல் நடந்த முதல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்தில் வென்றார். ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கொண்ட அந்த ஓட்டம் இன்றும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, போட்டியாக அன்றி, 90 மணி நேர வரம்புக்குள் முடிக்கும் நெடும்பயணமாக ஆர்வலர்களுக்காகவே நடக்கிறது. என்றாவது ஒருநாள் அதில் கலந்துகொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இரண்டாமவர் ஒரு பெண்மணி. கடும் எதிர்க்காற்றில் நான் தலையைக் குனிந்துகொண்டு திணறிக்கொண்டிருந்தபோது என்னைக் கடந்து சென்றவர், திரும்பிப் பார்த்து, “பின்னால் வந்து சேர்ந்துகொள்ளுங்கள்” என்று கையசைத்தார். சமதளத்தில் சற்று வேகம் கூடியதும் நம் உழைப்பில் பெரும்பங்கைக் காற்றுத்தடையே விழுங்குகிறது. வேகம் இரட்டித்தால் அந்தத் தடை நான்கு மடங்காகிறது. இதை ஏட்டில் படித்திருந்தேன். அவருடைய பின்சக்கரத்துக்கு ஒரு மீட்டர் பின்னால் சென்றபோதுதான் கால்கள் அதை உணர்ந்தன. யாரோ கதவைச் சாத்தியதுபோல் காற்று அடங்கியது. ஆனால் நான் அவருடைய சக்கரத்தையே வெறித்துக்கொண்டிருந்ததைக் கவனித்தவர், “என் தோளுக்கு மேலாகச் சாலையைப் பாருங்கள், என் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் உங்கள் முன்சக்கரத்தை ஒருபோதும் கொண்டுவராதீர்கள்” என்றார். முன்னவர் சற்றே விலகினாலும் பின்னால் வருபவரின் முன்சக்கரம் உரசும், விழுபவர் பின்னவராகத்தான் இருப்பார். பள்ளம் வரும்போதெல்லாம் அவர் கையைத் தாழ்த்திச் சுட்டிக்காட்டினார். முறைமாற்றி நானும் முன்னால் சென்று எதிர்க்காற்றைத் தாங்க வேண்டும் என்பது சிறிது நேரம் கழித்தே எனக்கு உறைத்தது. முன்னால் போனதும், “அவசரம் வேண்டாம், இதே வேகம் போதும்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ஒரு சந்திப்பில் அவர் வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டார்.

எல்லாச் சந்திப்பும் இனிமையாக அமையவில்லை. ஒரு கார் கைக்கெட்டும் தூரத்தில் என்னை உரசுவதுபோல் முந்திச் சென்று, அடுத்த சிக்னலில் நின்றது. கண்ணாடியைத் தட்டி, பக்கக் காற்றும் பள்ளமும் எங்களை எந்த நொடியும் அரை மீட்டர் நகர்த்திவிடும் என்று நிதானமாகச் சொன்னேன். நீங்கள் நேராகத்தானே போவீர்கள் என்று நினைத்தேன் என்றார் காரை ஓட்டியவர். கோபப்பட்டிருந்தால் அந்த உரையாடல் நடந்திருக்காது என்று நம்புகிறேன்.

குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய ‘பிரெவே’ என்னும் நெடும்பயணங்களில், என் முதல் 200 கிலோமீட்டர் பயணத்தில் நடந்ததையும் விட்டுவிட முடியாது. அதற்கான கால வரம்பு 13 மணி 30 நிமிடம். 150 கிலோமீட்டர் தாண்டிய ஓரிடத்தில் திடீரென்று கைகள் நடுங்கின, கண் முன்னால் சாலை மங்கியது. உடலில் சேமித்திருந்த சர்க்கரை தீர்ந்துபோன நிலை அது. பசி தோன்றவில்லை என்பதற்காக உண்ணாமல் ஓட்டிய தவறு என்னுடையது. பின்னால் வந்த இளைஞர் ஒருவர் தம் நேரமும் கரைகிறது என்பதைப் பொருட்படுத்தாமல் நின்று, சர்க்கரை கரைத்த நீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கவைத்து, இருபது நிமிடம் என்னோடு உட்கார்ந்திருந்தார். “அண்ணா, இனிமேல் மணிக்கு இருமுறை ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள்” என்பதற்கு மேல் அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. இருவரும் வரம்புக்குப் பதினொரு நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தோம்.

அதன் பிறகு என் இருக்கையின் கீழே உள்ள பையில் எனக்கு வேண்டியதைவிட ஒரு டியூப் கூடுதலாக வைத்திருக்கிறேன். அது பிரெஸ்டா வால்வு உள்ளது. மெல்லிய அந்த வால்வு அகலமான துளையுள்ள ரிம்மிலும் அவசரத்துக்குப் பொருந்தும், அகல வால்வோ சிறிய துளையில் நுழையாது. இதுவரை இரண்டு முறை வழியில் நின்றவர்களுக்கு அதைக் கொடுத்திருக்கிறேன். மூன்றாம் முறை நான் நிறுத்தியபோது, அங்கே நின்றவருடைய சக்கரத்தின் அளவே வேறாக இருந்ததால் டியூப் பயன்படவில்லை. டயரை வளைத்துப் பார்த்து ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்துப் போட்டுவிட்டு, சொல்யூஷன் உலரும் வரை இருவரும் சாலையோரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.