லெ குவின்: ஏர்த்சீக்குப் பிறகு எதை எடுக்கிறது?

கிளிநொச்சி வாசகி:
வணக்கம். அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவினின்ர ஏர்த்சீ எண்ட மந்திரக்கதை வரிசையில முதல் மூண்டு நாவலும் (1968, 1971, 1972) முடிஞ்சுது. ஆக்கள் அதிகம் கதைக்காத அவவின்ர புத்தகங்களில எதில தொடங்கலாம்? ஏ.எல். (உயர்தர வகுப்பு) ஆங்கிலம் காணுமோ? கொழும்பிலயிருந்துதான் எடுப்பிக்கோணும். பிழையானதை வாங்கிக் காசைக் கரைக்க ஏலாது.

நந்திக்கடல்:
தங்கச்சி, கிஃப்ட்ஸ் (2004), வொய்சஸ் (2006), பவர்ஸ் (2007). மூண்டும் ஒரே வரிசை, இதே ஒழுங்கில வாசியுங்கோ.

கிஃப்ட்ஸில மலைநாட்டுக் குடும்பங்களுக்குப் பரம்பரையா ஒவ்வொரு சக்தி. ஒரு குடும்பம் விலங்குகளைக் கூப்பிடும், இன்னொண்டு பார்வையாலயே எதையும் உருக்குலைச்சுப் போடும். அந்தச் சக்திக்குப் பயந்து கண்ணைக் கட்டிக்கொண்டு இருக்கிற ஒரெக் எண்ட பொடியன்தான் கதை சொல்லுறான். ஏ.எல். ஆங்கிலம் தாராளமாக் காணும். தொடக்கத்தில குடும்பப் பேர்கள் குழப்பும். எந்தக் குடும்பத்துக்கு எந்தச் சக்தி எண்டு ஒரு தாளில எழுதி வையுங்கோ.

வொய்சஸ் எங்கட பக்கத்து ஆக்கள் கட்டாயம் வாசிக்கவேண்டியது. எழுத்தே பேயின்ர வேலை எண்டு நம்பிற படை ஒரு துறைமுக நகரத்தைப் பிடிச்சு 17 வருசமா வைச்சிருக்கு. நெருப்பு அவையின்ர கடவுளுக்குரியது, அதால புத்தகங்களை எரிக்காமல் தண்ணியில தாழ்க்கினம். தப்பினதுகள் ஒரு வீட்டின்ர மறைவறையில கிடக்கு. 1981 இல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்ச கதையைக் கேட்டு வளர்ந்தவைக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம். படையை அழிக்கிறதைவிட, இரத்தம் பெருகாமல் இதிலயிருந்து எப்பிடி வெளிய வாறது எண்டதைத்தான் லெ குவின் யோசிக்கிறா. அவ எழுதினதுகளில இதுக்குக் கிடைச்ச கவனம் காணவே காணாது. இதில சித்திரவதையும் பெண்கள் மீதான வன்முறையும் வருது, பவர்ஸிலயும் அப்பிடித்தான். மனம் பாரமான நேரத்தில எடுக்காதேங்கோ.

வொய்சஸை முதல் எடுத்தால், வளர்ந்த ஒரெக்கை அதில கண்டுபோடுவியள். பிறகு கிஃப்ட்ஸில அவன்ர பயத்துக்கு வலு குறைஞ்சு போகும்.

ஒட்டுசுட்டான்:
அண்ணை சொல்லுறது சரி, ஆனா ஏர்த்சீயைப் பாதியில விடவேண்டாம். நாலாவது டெஹானு (1990), 18 வருசத்துக்குப் பிறகு வந்தது. மந்திரச் சண்டையை எதிர்பார்த்தால் ஏமாறுவியள். தீயில சுடுபட்ட ஒரு பிள்ளையையும் அதை வளர்க்கிற பெண்ணையும் பற்றிய கதை அது.

பிறகு வாற இரண்டும், டேல்ஸ் ஃப்ரம் ஏர்த்சீயும் தி அதர் விண்டும், 2001 எண்டே பட்டியலில நிக்கும். டேல்ஸ் ஃப்ரம் ஏர்த்சீயை முதல் வாசியுங்கோ. அதின்ர கடைசிக் கதை டிராகன்ஃப்ளைதான் தி அதர் விண்டுக்கு வாசல். அதைத் தவறவிட்டால் ஒரு முக்கியமான ஆள் ஆரெண்டே விளங்காது.

ஒல்வேய்ஸ் கமிங் ஹோம் (1985) இப்ப வேண்டாம். கதை, பாட்டு, சமையல் குறிப்பு எல்லாம் கலந்த தடிச்ச புத்தகம். நாவல் மாதிரி முதல் பக்கத்திலயிருந்து போனால் களைச்சு விட்டுப்போடுவியள். எடுக்கத்தான் போறியளெண்டால், ஸ்டோன் டெல்லிங் எண்ட தலைப்பில மூண்டு துண்டா வாற கதையை மட்டும் முதல் தேடி வாசியுங்கோ.

முறிகண்டி:
வாங்கேக்க கவனம். கிஃப்ட்ஸ், பவர்ஸ் எண்ட பேரில வேற ஆக்களின்ர புத்தகமும் கிடக்கு. கடைக்குத் தலைப்பை மட்டும் சொல்லாமல் ஆசிரியர் பேரையும் ஐஎஸ்பிஎன் எண்ட புத்தக அடையாள இலக்கத்தையும் எழுதி அனுப்புங்கோ. லெ குவினின்ர தி பிகினிங் பிளேஸ் (1980) பிரித்தானியாவில த்ரெஷோல்ட் எண்ட பேரில வந்தது, இரண்டும் ஒரே புத்தகம். ஏர்த்சீ முழுக்க ஒரே கட்டில 2018 இல சார்ள்ஸ் வெஸ்ஸின்ர படங்களோட வந்தது நல்ல பதிப்புத்தான், ஆனா உங்களிட்ட ஏற்கெனவே மூண்டு இருக்கு, பாரமும் கூட. போனில வாசிக்கிறதெண்டால் சிக்னல் உள்ள இடத்தில முழுசா இறக்கி வையுங்கோ.

கிளிநொச்சி வாசகி:
நன்றி. கிஃப்ட்ஸுக்கு இண்டைக்கே சொல்லுறன். எட்டாம் ஆண்டு படிக்கிற தங்கச்சிக்கும் ஏதாவது இருக்கோ?

நந்திக்கடல்:
கட்விங்ஸ் (1988). சிறகு முளைச்ச நாலு பூனைக்குட்டியள், நிறையப் படங்கள், ஒரே இருப்பில முடியும். தொடர்ச்சி மூண்டு இருக்கு. முதலாவது பிடிச்சால் மட்டும் மற்றதுகளை வாங்குங்கோ.