'நாள்பட்ட' ரத்தப் புற்றுநோய்னா முத்திப்போச்சுன்னு அர்த்தமுங்களா?

பவானிக்கரை:
கோபி பக்கமுங்க. பெரியப்பாவுக்கு 56 வயசு. வெள்ளை அணு 1,82,000, மண்ணீரல் வீங்கியிருக்கு. ரிப்போர்ட்ல நாள்பட்ட ரத்தப் புற்றுநோய், சி.எம்.எல்.னு போட்டிருக்குதுங்க. இமாட்டினிப் 400 மட்டும் எழுதியிருக்காங்க. பக்கத்து ஊர்ப் பையனுக்கு அக்யூட்னு அன்னைக்கே அட்மிட் பண்ணி கீமோ குடுத்தாங்க. இவருக்கு வெறும் மாத்திரைன்னா கைவிட்டாச்சோன்னு வீட்ல ஒரே வெசனம்.

நொய்யல்:
இல்லீங்க. இந்தச் சொல்லே ஆளை வீணா பயமுறுத்துது. நாள்பட்டதுன்னா மெதுவா வளர்றது, அவ்வளவுதான். அக்யூட்ங்கிற வேகமான வகையில 'பிளாஸ்ட்'ங்கிற வளராத செல் எலும்பு மஜ்ஜையை அடைச்சுக்கும், பொதுவா 20 சதவீதத்துக்கு மேல. நல்ல ரத்தம் ஊற எடமே இருக்காது. காய்ச்சல், ஈறுல ரத்தக்கசிவு எல்லாம் சில வாரத்துலயே வந்துரும். அதான் அந்த அவசரம்.

சி.எம்.எல்.ல 9, 22-ஆம் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறி ஒரு கோளாறான புரதம் உண்டாகுது. இமாட்டினிப் அதையே தடுக்குது. 2001-ல இது வந்த பிறகு, மருந்து நல்லாக் கேக்கிறவங்க கிட்டத்தட்ட மத்தவங்க ஆயுசையே வாழ்றாங்க.

சிறுவாணி:
ஆனா மாத்திரைதானேன்னு அசட்டையா விட்டுராதீங்க. சாப்பாட்டோட, பெரிய டம்ளர் நிறையத் தண்ணி வெச்சு, தினமும் ஒரே நேரத்துல போடோணும். வெறும் வயித்துல போட்டா குமட்டும். கண் இமை வீங்கறதும் ராத்திரி கெண்டைக்கால் இழுக்கறதும் சகஜம், டாக்டர்கிட்ட சொன்னாப் போதும், நீங்களா நிறுத்தாதீங்க.

ஆள் சறுக்கறது இங்கதான்: கொஞ்ச நாள்ல வெள்ளை அணு 8,000-க்கு வந்துரும், 'சரியாயிருச்சு'ன்னு மாத்திரையை விட்டுருவாங்க. நோய் உள்ளயே இருக்கும். அதைக் காட்டறது பி.சி.ஆர்.-ஏ.பி.எல். (BCR-ABL) டெஸ்ட்தான், அந்த இடம் மாறின ஜீன் ரத்தத்துல எவ்வளவு மிச்சம்னு அளக்கறது. மூணு மாசத்துக்கு ஒருக்கா, முடிஞ்சா ஒரே லேப்ல பாருங்க. 3 மாசத்துல 10 சதவீதத்துக்குள்ள, வருஷம் முடியறப்ப 0.1-க்குள்ள வரோணும். வரலீன்னா டோஸ் தவறுச்சா, ஜீன்ல மாற்றமான்னு பாத்து அடுத்த மருந்துக்கு மாத்துவாங்க. கண்டுக்காம விட்டா இதுவே அக்யூட் மாதிரி திரும்பிக்கும். நாட்டு மருந்து ஏதாச்சும் குடுத்தாலும் டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.

அமராவதி:
பக்கத்து ஊர்ப் பையனுக்கும் நம்பிக்கை இருக்குதுங்க. குழந்தைகளுக்கு வர்ற ஏ.எல்.எல்.ங்கிற அக்யூட் வகைனா நல்ல வசதியுள்ள எடத்துல பத்துல ஒம்பது பேர் வரைக்கும் குணமாகுறாங்க. ஆனா ரெண்டு, ரெண்டரை வருஷம் விடாம நடக்கும். அதுல மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒருநாள்தான். தெரியாம தினமும் குடுத்தா உயிருக்கே ஆபத்து, அட்டையில கிழமையைப் பெருசா எழுதி வைக்கச் சொல்லுங்க. கீமோ நடக்கறப்ப 100.4 டிகிரி காய்ச்சல்னா விடியட்டும்னு இருக்கக்கூடாது. பக்கத்து கிளினிக்ல இடுப்பு ஊசியும் வேண்டாம், ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு குறைஞ்சிருந்தா உள்ளயே ரத்தம் கட்டிக்கும். நேரா கீமோ குடுக்கற ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போகோணும்.

பவானிக்கரை:
ரொம்ப நன்றிங்க. முதல் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். டெஸ்ட், மாத்திரை தொடங்கறதுக்கு முன்னாடியே எடுக்கோணுமுங்களா?

சிறுவாணி:
ஆமாங்க, தொடங்கறப்பவே ஒண்ணு எடுத்து வெச்சுக்கோங்க. அந்த ரிப்போர்ட்டைத் தொலைச்சுராதீங்க.