புதுப்பிப்பு: நந்தியாவட்டையின் பச்சைக் கிளை

கிருஷ்ணகிரி வீட்டு வாசலில் நிற்கும் வெள்ளை விளிம்பு நந்தியாவட்டையில் முழுப் பச்சையாக ஒரு கிளை கிளம்பியிருக்கிறது, விடலாமா வெட்டலாமா என்று கேட்டிருந்தேன். வெட்டிவிட்டேன். பச்சையம் கூடுதலாக இருப்பதால் அந்தக் கிளை மற்றவற்றை முந்தி வளர்ந்து, போகப்போகச் செடியையே பச்சையாக்கிவிடும். நுனியைக் கிள்ளினால் போதாது. கிளை பிரியும் இடத்திலேயே அறுக்க வேண்டும். பால் பிசுபிசுவென்று வடியும், கண்ணில் படக்கூடாது.

இப்போது வெட்டுக்குக் கீழே புதுத் துளிர்: சுண்டுவிரல் நகமளவு இலை, ஓரத்தில் பால்வெள்ளை, நடுவில் சாம்பல் கலந்த பச்சை. யூரியா போடச் சொன்னவர்களுக்கு: போடவில்லை, போடப்போவதும் இல்லை. மேற்கு வெயில் படும் பக்கம் மட்டும் வெள்ளை ஓரங்கள் இன்னும் கருகுகின்றன. சித்திரைக்குள் நிழல்வலை கட்ட வேண்டும். பூவா? செடியில் தங்கினால்தானே! விடிவதற்குள் அத்தை பூஜைக்குப் பறித்துவிடுகிறார்.