எம்எம்2எச் வைப்புத்தொகை: இனிஷியலால் திரும்பிப்போன பணம்

வணக்கம். பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து எழுதுகிறேன். மதுரையில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு (வயது 61) எம்எம்2எச் (வெளிநாட்டவர் மலேசியாவில் நீண்ட காலம் தங்குவதற்கான விசா திட்டம்) சில்வர் பிரிவில் நிபந்தனையோடு ஒப்புதல் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. 1,50,000 அமெரிக்க டாலரை இங்கே நிரந்தர வைப்பில் போட வேண்டும். அதில்தான் சிக்கல்.

பாஸ்போர்ட்டில் அவர் பெயரும் தாத்தா பெயரும் முழுதாக ஒரே வரியில் இருக்கின்றன, குடும்பப் பெயர் கட்டம் காலி. மதுரை வங்கிக் கணக்கிலும் பான் கார்டிலும் தாத்தா பெயருக்கு வெறும் இனிஷியல். அனுப்பிய பணம் ஒன்பதாம் நாள் திரும்பிப் போனது. லெபோ பந்தாயில் உள்ள மலேசிய வங்கிக் கிளையில் விசாரித்தேன். கவுண்டரில் இருந்த பெண் அந்த இனிஷியலைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, "இது வேறு ஆள்" என்றார். எத்தனையோ வருடமாக அவர் அப்படித்தான் கையெழுத்துப் போடுகிறார்!

தொகையில் பிரச்சினை இல்லை. இந்தியாவிலிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம்.

மதுரையில் நோட்டரி பிரமாணப் பத்திரம் வாங்கிக் கொடுத்தோம், இங்கே ஏற்கவில்லை. அங்குள்ள வங்கியோ முதலில் பான் கார்டைத் திருத்தச் சொல்கிறது. ஏஜென்ட், "வங்கியைக் கேளுங்கள்" என்பதோடு சரி. அப்புறம் கடிதத்தின் கெடுவுக்கு இன்னும் ஐந்து வாரம்தான். பெரியம்மா சாமான்களைக் கட்டவே ஆரம்பித்துவிட்டார்.

இதே இனிஷியல் சிக்கலைத் தாண்டி வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: மலேசிய வங்கி கடைசியில் எந்த ஆவணத்தை ஏற்றுக்கொண்டது?