நான் தப்பாகக் குறித்தால் ஆராய்ச்சி கெட்டுப்போகாதா?

இரவுப்பார்வை:
எல்லாருக்கும் வணக்கம். மூன்று வாரமாக, இரவு வேலையெல்லாம் முடித்துவிட்டு, கேலக்ஸி (கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டம்) படங்களை வகை பிரிக்கும் ஒரு திட்டத்தில் தன்னார்வலராக உட்காருகிறேன். நான் படித்தது வணிகவியல், அறிவியல் பள்ளிக்கூடத்தோடு சரி. நேற்று ஒரு படம் வந்தது. நடுவில் மங்கலான ஆரஞ்சுப் புள்ளி, ஓரத்தில் மெல்லிய இழை ஒன்று இருக்கிற மாதிரி. திரையில் படிந்த தூசியோ என்று துணியால் துடைத்துக்கூடப் பார்த்தேன், இழை அப்படியே இருந்தது. கேலக்ஸியின் நடுவிலிருந்து சுழன்று நீளும் சுருள் கையா, வெறும் மங்கலா என்று பத்து நிமிடம் யோசித்து கடைசியில் "சுருள்" என்று அழுத்தினேன். அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. என்னை மாதிரி ஆட்கள் தப்புத் தப்பாக அழுத்தினால் அதை நம்பி ஒருத்தர் கட்டுரை எழுதிவிட மாட்டாரா?

இன்னொன்று. பறவைக் கணக்கெடுப்புக்கும் பதிவு செய்திருக்கிறேன். போன ஞாயிறு அரை மணி நேரம் நடந்தேன், காகமும் புறாவும் தவிர ஒன்றுமில்லை, அதனால் எதையும் அனுப்பவில்லை. சரிதானே?

சுருள்கை:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். நிம்மதியாகத் தூங்குங்கள். உங்கள் ஒரு விடையை வைத்து எதையும் முடிவு செய்ய மாட்டார்கள். 2007இல் கேலக்ஸி ஜூ என்ற இணையத் திட்டம் தொடங்கியபோது, ஸ்லோன் வானாய்வு என்ற தொலைநோக்கித் திட்டம் எடுத்த கிட்டத்தட்ட 9 லட்சம் கேலக்ஸிகளின் படங்களைப் பொதுமக்கள் முன் வைத்தார்கள். முதல் ஆண்டிலேயே சுமார் 1.5 லட்சம் பேர் 5 கோடிக்கு மேல் விடை கொடுத்தார்கள். அதாவது ஒரே படத்தைப் பல பத்துப் பேர், ஒருவர் விடை இன்னொருவருக்குத் தெரியாமல் பார்க்கிறார்கள். 40 பேரில் 38 பேர் சுருள் என்றால் அது ஒரு சேதி, பாதிப் பேர் சுருள், பாதிப் பேர் இல்லை என்றால் அதுவும் ஒரு சேதிதான்: இந்தப் படம் சந்தேகத்துக்குரியது என்று ஆய்வாளருக்குத் தெரிந்துவிடும். நீங்கள் பத்து நிமிடம் திணறினீர்கள் அல்லவா, அந்தத் திணறலே கணக்கில் வந்துவிடுகிறது.

ஆனால் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்து தப்பு செய்தால் என்ன ஆகும் என்பதுதான் சரியான கவலை. அதுவும் நடந்தது. சுருள்கள் எந்தப் பக்கம் சுற்றுகின்றன என்று எண்ணியபோது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுபவை கொஞ்சம் அதிகமாக வந்தன. பிரபஞ்சத்துக்கே ஒரு சாய்வு இருக்கிறதோ என்று கேட்க வேண்டிய நிலை. உடனே படங்களில் ஒரு பகுதியைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் திருப்பிக் காட்டினார்கள். பிரபஞ்சத்தில் சாய்வு இருந்தால் இப்போது கணக்கும் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை, அப்போதும் எதிர்த்திசையே அதிகம். சாய்வு மனிதக் கண்ணில்! எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடித்த சோதனை இதுதான். இது நடந்ததற்குக் காரணம், மக்கள் தங்களுக்குத் தெரிந்ததை உள்ளபடி அழுத்தியதுதான். அதனால் ஒன்றே ஒன்று: நிபுணர் என்ன சொல்வார் என்று ஊகித்து அழுத்தாதீர்கள், வேறெங்கும் விடையைத் தேடிப் பார்த்துவிட்டும் அழுத்தாதீர்கள்.

குருவிக்கணக்கு:
இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். சரியில்லை, அனுப்பியிருக்க வேண்டும்! இதை நானே ஒன்றரை வருஷம் தப்பாகச் செய்தவன். அரிய பறவை தென்பட்ட நாளில் மட்டும் பதிவு போடுவேன். அப்படி எல்லாரும் செய்தால் உலகம் முழுக்க அரிய பறவையாகவே தெரியும், காகம் குறைந்துகொண்டே போனாலும் யாருக்கும் தெரியாது. பறவைப் பட்டியலைப் பதியும் இபேர்ட் தளத்தில் "பார்த்து அடையாளம் கண்ட எல்லாவற்றையும் பதிந்தீர்களா" என்று ஒரு கேள்வி வரும், அதற்கு ஆமாம் என்றால் அது முழுப் பட்டியல். எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்பதோடு முழுப் பட்டியல் கிடைத்தால்தான் பட்டியலில் இல்லாத பறவை அங்கே உங்கள் கண்ணில் படவில்லை என்று ஆய்வாளர் எடுத்துக்கொள்ள முடியும்.

தப்புக்குப் பயப்படாதீர்கள். ஒரு தடவை அரிய கழுகு ஒன்றைப் பார்த்ததாகப் பதிந்தேன். சரிபார்க்கும் தன்னார்வலர் வாலின் அடிப்பக்கம் என்ன நிறம் என்று பொறுமையாகக் கேட்டு எழுதினார். முதலில் கோபம்தான் வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் நாம் தினம் பார்க்கிற பருந்தின் இளம் பறவை. திருத்திவிட்டேன். அன்றிலிருந்து வாலைப் பார்க்காமல் பெயர் எழுதுவதில்லை.

கேள்விக்குறி:
எல்லாம் நல்லதுதான், எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் முன்பு பங்கெடுத்த ஒரு திட்டத்தில் எட்டு மாதம் சோதனைக்காகத் தண்ணீர் மாதிரிகளை எடுத்து அனுப்பினேன், முடிவு என்ன ஆயிற்று என்று இன்றுவரை ஒரு வரி வரவில்லை. ஊர் கூடித் தேர் இழுத்தால் தேர் எங்கே போய் நின்றது என்றாவது சொல்ல வேண்டும். அதனால் சேரும் முன்னால், தரவு எல்லாருக்கும் திறந்து கிடைக்குமா, பங்கெடுத்தவர்களைக் கட்டுரையில் எப்படிக் குறிப்பிடுவார்கள் என்று பாருங்கள். ஒழுங்காகச் செய்பவர்களும் உண்டு. 2007இல் ஹானி வான் ஆர்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை கேலக்ஸி ஜூவில் ஒரு படத்தின் ஓரத்தில் இருந்த விநோதமான வாயுத்திட்டைப் பார்த்து "இது என்ன?" என்று கேட்டார். அது பக்கத்துக் கேலக்ஸியின் மையத்திலிருந்து வந்த ஒளியால் மின்னும் பிரம்மாண்டமான வாயு மேகம் என்று தெரிந்தது, ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயரும் ஆசிரியர்களில் ஒன்றாக வந்தது.

அப்புறம், உங்கள் வீட்டிலிருந்தே படம் எடுத்துப் பதிந்தால் துல்லியமான இடத்தை மறைத்துவிடுங்கள். உயிரினங்களின் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் அதற்கு வசதி இருக்கிறது. அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் இடத்தை அவர்களே மறைத்துக் காட்டுவார்கள், வேட்டைக்காரர்கள் வரைபடம் பார்த்துப் போய்விடக் கூடாதே.

இரவுப்பார்வை:
எல்லாருக்கும் நன்றி, மனசு லேசாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலை இப்போது அனுப்பிவிட்டேன், 14 காகம், 6 புறா. ஒரு சந்தேகம் மட்டும். மழையளவு பதியும் திட்டத்திலும் சேரலாம் என்றிருக்கிறேன். மழை பெய்யாத நாளில் கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாமா?

மழைமானி:
விடாதீர்கள், 0 என்று போடுங்கள். காலி என்றால் அன்று நீங்கள் மானியைப் பார்க்கவில்லை என்று அர்த்தம், 0 என்றால் பார்த்தீர்கள், மழை இல்லை என்று அர்த்தம். 1997இல் அமெரிக்காவில் ஃபோர்ட் காலின்ஸ் ஊரில் வெள்ளம் வந்தபோது ஒரு பக்கம் கொட்டித் தீர்த்திருக்கிறது, சில கிலோமீட்டர் தள்ளி ரொம்பக் குறைவு. அதற்கு அடுத்த ஆண்டே மழையளவு பதியும் கோகோராஸ் என்ற தன்னார்வலர் வலையமைப்பைத் தொடங்கினார்கள், அவர்களும் பூஜ்யத்தைக் கேட்டு வாங்குகிறார்கள். தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். மானியின் குழாயில் தண்ணீர் ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்து நிற்கும், கண்ணை அந்த மட்டத்துக்குக் கொண்டுவந்து குழிவின் அடியைப் படிக்க வேண்டும். நின்றபடி மேலிருந்து பார்த்தால் கூடுதலாகக் காட்டும்.