பொருள்: மறு: ஒயின் டேஸ்டிங் – ‘சுவைபார்ப்பு’ போதாதா?

குழுவினருக்கு வணக்கம்.

சிலி நாட்டு ஒயின் பள்ளத்தாக்குகளைப் பற்றிய பயணக் கையேட்டைத் தமிழாக்கிவரும் நண்பர் ‘ஒயின் டேஸ்டிங்’குக்குச் சொல் கேட்டு மூன்று நாளாகிறது. மது அருந்தல், மதுச்சுவைப்பு, தேறல் நுகர்வு, தேறலுலா என்று வந்து, இழை இப்போது சங்க காலத்தில் நிற்கிறது. ஒரு மார்ச் மாதம், அறுவடை நேரத்தில், அந்தப் பக்கம் பன்னிரண்டு நாள் சுற்றியிருக்கிறேன். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘மது அருந்தல்’ எளிமையாக இருக்கிறதே, ஏன் கூடாது?

அங்கே யாரும் அருந்துவதில்லை ஐயா, அதுதான் சிக்கல். சாந்தியாகோவுக்குத் தெற்கே கொல்ச்சாகுவா பள்ளத்தாக்கில் ஒரு தோட்டம். நீள மேசை, ஆளுக்கு ஐந்து கிளாஸ், ஒவ்வொன்றிலும் அடியை நனைக்கிற அளவு ஒயின். முதலில் வெள்ளைத் தாளின் மேல் கிளாஸைச் சாய்த்து நிறம் பார்க்கச் சொன்னார்கள். அப்புறம் சுழற்றி முகர வேண்டும். பிறகுதான் வாய்க்கு, அதுவும் கொப்பளிப்பது போல நாக்கெல்லாம் படும்படி உருட்டிவிட்டு, மேசை நடுவில் இருந்த வாளியில் துப்ப வேண்டும். நான் முதல் நாள் துப்பவில்லை. காசு கொடுத்ததை யார் துப்புவார்கள் என்ற நம் ஊர்ப் புத்தி. தோட்டத்துக்கு ஐந்து கிளாஸ், கிளாஸுக்கு 40 மில்லி, மூன்று தோட்டம் என்று கணக்குப் போட்டால் 600 மில்லி. ஒரு முழு பாட்டிலே 750தான். மாலையில் என் குறிப்பேட்டைப் பார்த்தால் கடைசிப் பக்கத்தில் ‘நன்று, மிக நன்று, இதுவும் நன்று’ என்று கோணல் கையெழுத்து. அது அருந்தல். டேஸ்டிங் இல்லை.

கையேட்டில் இதை எச்சரிக்கையாகவே போடலாம். 2012 முதல் அங்கே வண்டி ஓட்டுகிறவரின் இரத்தத்தில் லிட்டருக்கு 0.3 கிராம் சாராயம் வந்தாலே குற்றம். வாடகைக் கார் எடுத்துத் தோட்டம் தோட்டமாகப் போகிறவர் ஒழுங்காகத் துப்பியாக வேண்டும், இல்லையென்றால் ஓட்டுநர் வைத்துக்கொள்ள வேண்டும்.

> ‘தேறல்’ நம் சொல். யவனர் கொண்டுவந்ததே ஒயின்தானே?

‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்ற புறநானூற்று வரி எனக்கும் பிடிக்கும். ஆனால் கையேடு வாசிக்கப் போகிறவர் விமான நிலையத்தில் இறங்கி ‘தேறல் எங்கே கிடைக்கும்’ என்று தேட மாட்டார். ஒயின் என்பது ஊருக்கே தெரிந்த சொல், அதை விடலாம். ‘மது’வோ, பிராந்தி முதல் கள் வரை எல்லாவற்றுக்கும் பொது, ‘மதுச் சுற்றுலா’ என்று அட்டையில் போட்டால் வீட்டில் யாரும் புத்தகத்தைத் திறக்க விட மாட்டார்கள்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

குழம்பு கொதிக்கும்போது கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்குகிறோமே, அதற்குப் பெயர் என்ன? உப்புப் பார்ப்பது. பசிக்கு இல்லை, குழம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. ருசி பார், முகர்ந்து பார், தொட்டுப் பார், நாடி பார் என்று ஐம்புலன் சோதனை எல்லாவற்றுக்கும் தமிழ் ‘பார்’ என்ற ஒரே சொல்லை வைத்துச் சமாளிக்கிறது. சிலிக்காரர்கள் பேசும் ஸ்பானியத்தில் டேஸ்டிங்குக்கு ‘காத்தா’ என்று பெயர், வினை ‘காத்தார்’. பழைய ஸ்பானியத்தில் அந்த வினைக்கு ‘பார்த்தல்’ என்றும் பொருள் உண்டு. நம் அடுப்படியும் அவர்கள் நிலவறையும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அதனால் என் பரிந்துரை: சுவைபார்ப்பு. செய்பவர் சுவைபார்ப்பவர், எழுதிவைப்பது சுவைக்குறிப்பு. ‘சுவைஞர்’ வேண்டாம், அது கவிதை ரசிப்பவருக்குப் போய்விட்டது.

‘பார்’ ஏன் முக்கியம் என்பதற்குச் சிலியிலேயே ஒரு கதை இருக்கிறது. கார்மனேர் என்ற கருந்திராட்சை பிரான்ஸின் போர்தோ பகுதியைச் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் வேரைத் தின்னும் பேன் வந்து ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தபோது, அங்கே ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. அதற்கு முன்பே கொடிகள் கப்பலேறிச் சிலிக்கு வந்திருந்தன. ஆந்திஸ் மலை, அத்தகாமா பாலை, பசிபிக் கடல் என்று மூன்று பக்கமும் அரண். அந்தப் பேன் அங்கே காலூன்றவில்லை. இன்றும் சிலியில், பேனைத் தாங்கும் வேறு வேரில் ஒட்டுப் போடாமல், சொந்த வேரிலேயே நிற்கும் கொடிகள் ஏராளம். ஆனால் அவர்கள் கார்மனேரை மெர்லோ என்ற வேறொரு கருந்திராட்சை என்று நினைத்தே ஒயினாக்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நிற்கும் மெர்லோக் கொடி பழுத்து மூன்று வாரம் கழித்துத்தான் இது பழுக்கும். அப்படியும் யாருக்கும் தோன்றவில்லை. 1994 நவம்பரில் ழான்-மிஷேல் பூர்சிகோ என்ற பிரெஞ்சுக் கொடியியல் அறிஞர் மைப்போ பள்ளத்தாக்குத் தோட்டம் ஒன்றில் கொடியை நின்று பார்த்துவிட்டு, இது மெர்லோ இல்லை, கார்மனேர் என்றார். அதுவரை அத்தனை நாக்கும் அதைக் குடித்துக்கொண்டுதான் இருந்தது.

சரியாகப் பழுக்காத கார்மனேரில் குடமிளகாய் வாடை அடிக்கும். இதைச் சொல்லிக்கொடுத்த பிறகு நானே கண்டுபிடித்தேன், கொஞ்சம் பெருமைதான்.

> ‘டானின்’, ‘பாடி’, ‘ஃபினிஷ்’ இவற்றுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

டானின் வேதிப்பொருள், அதை அப்படியே வைக்கலாம். அது வாயில் செய்வதற்குப் பெயர் துவர்ப்பு. ஆங்கிலத்தில் இதை விளக்கப் படாத பாடு படுகிறார்கள். நமக்கு அறுசுவையில் ஒன்று. பாக்கு, வாழைப்பூ, கடுக்காய் தெரிந்த நாக்குக்கு ஒரு வரி போதும். இளம் கார்மனேர் பாக்கு மாதிரி பிடிக்கிறது என்று நான் கையைக் காட்டிச் சொன்னதை வழிகாட்டிப் பெண் ரசித்தார், பாக்கு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாவிட்டாலும். பாடி, அதாவது ஒயின் வாயில் எவ்வளவு கெட்டியாகப் படுகிறது என்பதற்குக் கனம். ஃபினிஷுக்கு ‘முடிவு’ என்று போட்டுவிடாதீர்கள். நாம் ‘நாக்குல நிக்குது’ என்கிறோம், ஆகவே நிற்சுவை. இது கொஞ்சம் செயற்கையாக இருப்பது தெரியும், அடித்து நொறுக்கலாம்.

விட்டுப்போகக் கூடாத ஒன்று: துப்புகிற வாளி. ‘உமிழ்கலன்’ என்று ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. வெற்றிலை போட்ட தாத்தாக்களின் திண்ணையில் பித்தளையில் இருந்ததே, படிக்கம். அதே வேலை, அதே பொருள். சில வீடுகளில் பணிக்கம் என்பார்கள்.

அன்புடன்.

-----

மறுமடல்:

ஐயா, ‘பார்ப்பு’ என்றால் பறவைக் குஞ்சு. சங்க இலக்கியம் படித்தவர்கள் சிரிப்பார்கள். தவிர, ‘சுவைப்பார்ப்பு’ என்று ஒற்று மிக வேண்டாமா?

-----

மறுமடல்:

சரிபார்ப்பு, எதிர்பார்ப்பு இரண்டையும் நாள் முழுக்க எழுதுகிறோம், எந்தக் குஞ்சும் பொரியவில்லை. சுவையைப் பார்ப்பது என்று இரண்டாம் வேற்றுமை தொக்கி நிற்பதால் ஒற்று மிகாது. சரிபார்ப்பிலும் மிகவில்லை, பாருங்கள்.

-----

மறுமடல்:

வணக்கம் அண்ணா. நான் கம்பம் பக்கம், வீட்டில் பன்னீர் திராட்சைப் பந்தல் உண்டு. நாங்கள் ‘பதம் பார்ப்பது’ என்போம். வெட்டுக்கு முன்னால் அப்பா பந்தலுக்கடியில் போய் இரண்டு பழம் வாயில் போட்டுப் பதம் சொல்வார். ‘பதம்பார்ப்பு’ என்று வைத்தால் உயிரோடு இருக்கும் சொல்லாகவும் இருக்குமே?

-----

மறுமடல்:

தம்பி, இதற்காகத்தான் குழுவில் இருக்கிறேன். கொல்ச்சாகுவாவில் ஒயின் செய்கிறவர் வரிசையில் நடந்துகொண்டே பழத்தைக் கடித்து, விதையைக் கையில் துப்பி, பச்சையா பழுப்பா என்று பார்த்தார். பழுப்பாகி மொறுமொறுத்தால் வெட்டலாம். அது உங்கள் அப்பா செய்வதேதான். அந்த வேலைக்குப் பதம்பார்ப்பு என்றே வைப்போம். கிளாஸில் ஊற்றியதற்குச் சுவைபார்ப்பு. இரண்டையும் ஒன்றாக்கினால் இழப்பு. மேலும், ‘ஒயின் அவனைப் பதம் பார்த்துவிட்டது’ என்று யாராவது எழுதினால், என் முதல் நாள் கதைதான்.

கவாத்து (கொடியை வெட்டிச் சீராக்குவது), பந்தல் போன்ற உங்கள் ஊர்ச் சொற்களையும் பட்டியலாக அனுப்புங்கள். சிலியில் வீட்டு முற்றத்தில் நிழலுக்குத் திராட்சையைப் பந்தலில் ஏற்றுகிறார்கள், ‘பர்ரோன்’ என்று பெயர். மொழிபெயர்ப்பில் அதைக் ‘கொடித்தாங்கி அமைப்பு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

-----

மறுமடல்:

கேள்வி கேட்டவன் நான்தான். கொடித்தாங்கி எழுதியதும் நான்தான், மன்னிக்க, பந்தலாக்கிவிட்டேன். சுவைபார்ப்பு, பதம்பார்ப்பு, சுவைக்குறிப்பு, துவர்ப்பு, கனம் எல்லாம் உள்ளே போய்விட்டன. நிற்சுவையைப் பதிப்பாசிரியர் அடித்துவிட்டு ‘நாக்கில் நிற்கும் சுவை’ என்று விரித்து எழுதினார், எனக்கும் அது சரியாகவே பட்டது. படிக்கம் மட்டும் அவருக்குத் தெரியவில்லை, வயது இருபத்தாறு. பாட்டி வீட்டிலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், மேசை வாளிக்குப் பக்கத்திலேயே அச்சாகும்.